கைலாய யாத்திரை மானியம்: பணத்துக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள்

"அண்ணாச்சி, கைலாசத்துக்கு கவர்மெண்டே செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போகுதாமே?" நெல்லையப்பர் கோயில் பக்கம் பெரியவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. அதில் பாதிதான் சரி. கூட்டிப் போவது மத்திய வெளியுறவு அமைச்சகம், செலவு நம்முடையது. போய்த் திரும்பிய தமிழ்நாட்டு இந்துக்களுக்கு அறநிலையத் துறை மானியம் தருகிறது: திபெத்திலுள்ள கைலாய-மானசரோவர் யாத்திரைக்கு 50,000 ரூபாய், நேபாளத்து முக்திநாத்துக்கு 20,000. முதலில் இது 40,000, 10,000 என்றுதான் இருந்தது.

அதனால் முழுப் பணமும் முதலில் நம் கையில் இருக்க வேண்டும். 2025-இல் உத்தராகண்டிலிருந்து போகும் லிப்புலேக் வழிக்குச் சுமார் 1.74 லட்சம், சிக்கிமிலிருந்து போகும் நாதுலா வழிக்குச் சுமார் 2.83 லட்சம் ரூபாய் ஆனது. மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் கணினிக் குலுக்கலில் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். 2025-இல் மொத்தமே 750 பேருக்குத்தான் இடம். வயது 18 முதல் 70 வரை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையும் வேண்டும், அதைக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற அளவு 25-ஐத் தாண்டக் கூடாது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை உண்டு. லிப்புலேக் வழியில் போனால் மலைமேல் குஞ்சி என்ற ஊரில் இன்னொரு முறை பார்ப்பார்கள். அங்கே தவறினால் திரும்ப வேண்டியதுதான்.

இதை ஏன் இவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். சிவன் பார்வதி கல்யாணத்துக்கு எல்லாரும் கைலாயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்தது, சமன் செய்ய அகத்தியரைப் பொதிகைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பொதிகையின் உச்சி சுமார் 1,868 மீட்டர். கைலாயத்தைச் சுற்றும்போது தாண்ட வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். மூன்று பொதிகையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின உயரம் அது! மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் தாமிரபரணிக் கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது. பண்பொழி திருமலைக்கோயில் படிகளை வாரம் ஒருமுறையாவது ஏறி இறங்குங்கள். ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் நன்றாக நடக்கிறவருக்கும் வரும், இளைஞருக்கும் வரும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்குமேல் கூடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் குழுத் தலைவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று மறைத்தால் உயிருக்கே ஆபத்து. முற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே தங்கள் டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

இதெல்லாம் முடியாது என்றால் முக்திநாத் இருக்கிறது. சுமார் 3,700 மீட்டர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பக்கத்து ஊரான ஜோம்சோமிலிருந்து ஜீப் போகும். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம் மானியம். படிவம் அறநிலையத் துறை இணையதளத்தில் கிடைக்கும், ஊர் திரும்பியபின்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணச் சீட்டு, ரசீது, யாத்திரை முடித்ததற்கான சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். தொகை நேரே வங்கிக் கணக்கில் வரும், இடையில் எந்தத் தரகருக்கும் வேலையில்லை.