பிறப்புச் சான்றிதழில் பிழையா? வேலூர்க்காரர்கள் எங்கே போவது, என்ன கேட்பது

குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போதோ பள்ளியில் சேர்க்கும்போதோதான் பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழை உற்றுப் பார்க்கிறார்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், அம்மாவின் இனிஷியல் மாறியிருக்கும். உடனே குடியிருக்கும் ஊர் விஏஓவைத் தேடி ஓடுவார்கள். குழந்தை வேறு ஊரில் பிறந்திருந்தால் அங்கே வேலை ஆகாது. பிறந்த இடத்தின் பதிவாளர்தான் பதிகிறார், திருத்த வேண்டியவரும் அவரே. குடியாத்தத்துக்காரரின் பிள்ளை வேலூர் மருத்துவமனையில் பிறந்திருந்தால் வேலூருக்குத்தான் வர வேண்டும். எந்த ஊர்ப் பதிவேடு என்பது சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

பழைய சான்றிதழில் 'வடஆற்காடு' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், பதிந்த காலத்தில் மாவட்டத்தின் பெயர் அதுதான். ஆம்பூர், வாணியம்பாடி 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. அங்கே பிறந்தவர்கள் வேலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துப் பயனில்லை. சாத்துவாச்சாரி நகராட்சியாக இருந்தபோது பதிந்ததை இப்போது மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும்.

திருத்தத்துக்கு வழி சொல்வது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 15ஆம் பிரிவு. பிழை எங்கே நுழைந்தது என்பதைப் பொறுத்தே வேலை சுலபமா இழுபறியா என்று தெரியும். பிரசவமானதும் மருத்துவமனை படிவம் 1ஐப் பூர்த்தி செய்து பதிவாளருக்கு அனுப்புகிறது. வார்டு வாசலில் பாட்டியோ மாமாவோ சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் தாள் அது. அதில் 'சரவணன்' என்று சரியாக இருந்து, பதிவேட்டில் 'சரவண' என்று ஏறியிருந்தால் வெறும் எழுத்துப் பிழை. பதிவாளரே ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திவிடலாம். படிவமே தப்பு என்றால், விவரம் தெரிந்த, நம்பகமான இருவர் பிழை எது, உண்மை எது என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். மருத்துவமனைக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பெற்றோரின் ஆதார் ஆகியவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பிறந்த தேதியை மாற்றக் கேட்டால் துருவித் துருவிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிக் குறைப்பதற்கு இந்தப் பிரிவு இல்லை. ஜோசியர் சொன்னார் என்று புதுப்பெயர் வைப்பதும் திருத்தம் ஆகாது.

பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். புதுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கவுன்ட்டரிலேயே படித்துப் பாருங்கள். நம்மூரில் உருதுப் பெயர்களுக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் ஆவணத்தில் உள்ளபடியே இருப்பது நல்லது.

பெயர்க் கட்டமே காலியாக இருந்தால் அது வேறு சங்கதி, 14ஆம் பிரிவு. ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் உண்டு.

பதிவாளர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 2023 திருத்தச் சட்டத்தின்படி 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், 90 நாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். வாய்வார்த்தையாக 'முடியாது' என்றதை நம்பித் திரும்பிவிட்டால், அந்த 30 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதே தகராறாகிவிடும்.