30 ஆம் திகதி முடிந்த போட்டி

உருத்திரபுரத்திலிருந்து ஒரு தகப்பன் போன கிழமை தொலைபேசி எடுத்தார். மகளுக்கு 13 வயது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் ஐந்து சுற்றுச் சதுரங்கம் விளையாடி, தன்னைவிட ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) கூடிய இரண்டு பேரை வென்றுவிட்டு வந்திருக்கிறாள். போட்டி 30 ஆம் திகதி முடிந்தது. 1 ஆம் திகதி காலையில் உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் தளத்தைத் திறந்தால் பழைய 1450 தான் நிற்கிறது. "தம்பி, பிள்ளை அழுகிறாள். வென்றது கணக்கில வராதோ?" என்று கேட்டார்.

வரும். ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபிடே ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதி புதிய ரேட்டிங் பட்டியலை வெளியிடுகிறது. நீண்ட ஆட்டம், வேகமாக ஆடும் ரெப்பிட், அதைவிட வேகமான பிளிட்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ரேட்டிங். ஒரு பட்டியலுக்கான கதவு அதற்கு மூன்று நாள் முன்பே சாத்தப்படும். 30 ஆம் திகதி முடிந்த போட்டி அந்தக் கதவைத் தாண்டவில்லை, எனவே அடுத்த பட்டியலுக்குப் போகிறது. இன்னொரு படியும் உண்டு. போட்டியின் தலைமை நடுவர் முடிவுகளை ஏழு நாளுக்குள் நாட்டுச் சம்மேளனத்தின் ரேட்டிங் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அலுவலர் போட்டி முடிந்து 30 நாளுக்குள் ஃபிடேயின் கணினிக்கு ஏற்ற வேண்டும். சில போட்டிகள் இரண்டே நாளில் ஏறிவிடும், சில கடைசி நாள் வரை இழுபடும்.

சரி, ஏறிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த முறையை உருவாக்கியவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், மில்வோக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், நல்ல சதுரங்க வீரரும்கூட. ஃபிடே 1970 இல் அவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய ஆட்டத்திறனை அளப்பது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு அவர் ஓர் உவமை சொன்னார். அலையடிக்கும் நீரில் ஒரு தக்கை மேலும் கீழுமாக ஆடுகிறது. அதன் உயரத்தை, கயிற்றில் கட்டிக் காற்றில் ஆடும் அளவுகோலால் அளக்க வேண்டும். வாடைக்காற்றில் இரணைமடுக் குளக்கட்டில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஈலோ செய்தது இது. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தைப் பார்த்து, இவர் இவ்வளவு புள்ளி (வென்றால் 1, சமநிலைக்கு அரை, தோற்றால் 0) எடுப்பார் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பை வைத்தார். இருவரும் சமம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 0.50. நீங்கள் 100 குறைவென்றால் 0.36, 200 குறைவென்றால் 0.24. பிள்ளையோடு விளையாடிய ஐந்து பேரின் ரேட்டிங் 1650, 1550, 1450, 1650, 1550. எதிர்பார்ப்புகளைக் கூட்டினால் 0.24 + 0.36 + 0.50 + 0.24 + 0.36, அதாவது 1.70. அவள் எடுத்ததோ 3. எதிர்பார்த்ததைவிட 1.30 கூட. 18 வயதுக்குக் குறைந்த, 2300 ஐ எட்டாத பிள்ளைகளுக்கு இதை 40 ஆல் பெருக்குவார்கள். ஆக ரேட்டிங்கில் ஏறுவது 52 புள்ளி. புதிய ரேட்டிங் 1502.

அந்த 40 க்கு கே என்று பெயர். வளர்ந்தவர்களுக்கு 2400 வரை பொதுவாக 20, ஒருமுறை 2400 ஐத் தொட்டவருக்கு 10. பிள்ளைகள் வேகமாக மாறுவார்கள், அவர்களுடைய எண்ணும் வேகமாக ஓட வேண்டும் என்பதே காரணம்.

அந்த 1450 ஐக் கவனியுங்கள். முதல் ஆட்டத்தை வென்ற பிறகும் இரண்டாம் ஆட்டக் கணக்கில் 1450 தான். அதே மாதத்தில் வேறொரு போட்டிக்குப் போனாலும் 1450 தான். சிறுபோகக் கூட்டத்தில் அன்றைக்குக் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று முடிவெடுப்பார்கள். மறுநாள் மழை கொட்டினாலும் முடிவில் எழுதிய அடி அந்த அடிதான். ரேட்டிங்கும் அப்படி, ஒரு மாதத்துக்கு உறைந்து நிற்கிறது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிள்ளை அதே மாதம் இன்னொரு போட்டியில், அதே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடு விளையாடி மறுபடியும் 3 எடுத்தால் மேலும் 52 கிடைக்கும். இடையில் பட்டியல் மாறி அவள் 1502 ஆகியிருந்தால், எதிர்பார்ப்பு 2.03 ஆக உயர்ந்திருக்கும், கிடைப்பது 39 தான். பட்டியல் மாறாமல் நின்றதால் 13 புள்ளி அதிகம். தோற்கும் மாதத்தில் இதே விளையாட்டு எதிர்ப்பக்கம் நடக்கும், விழுவதும் அதிகமாக விழும். இது எல்லை மீறாதிருக்க ஃபிடே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. ஒரு மாதத்தில் விளையாடிய ஆட்டங்களையும் கேயையும் பெருக்கினால் 700 ஐத் தாண்டக்கூடாது. 40 ஐக் கொண்டு 18 ஆட்டம் ஆடினால் 720 வரும். உடனே அவளுடைய கே 38 ஆகக் குறைக்கப்படும். ஒரே வரியில் எழுதிய விதி, எவ்வளவு அழகாக வேலை செய்கிறது பாருங்கள்!

அந்தக் காலத்தில் பட்டியல் வருடத்துக்கு ஒன்றுதான். 1981 இலிருந்து இரண்டு, 2000 இலிருந்து நான்கு, 2009 இலிருந்து ஆறு. மாதாமாதம் வரத் தொடங்கியது 2012 ஜூலையில். ஆறு மாதம் உறைந்திருந்த எண்ணோடு வேகமாக வளரும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவளிடம் தோற்பவரெல்லாம் ஒரு பலவீனமான ஆளிடம் தோற்றதாகக் கணக்கு எழுதப்படும். பழைய எண் அவளுக்கு மட்டுமல்ல, எதிரே இருந்தவருக்கும் நட்டம். மாதப் பட்டியலிலும் இந்த நட்டம் முழுவதும் ஒழியவில்லை. கீழ்மட்ட ரேட்டிங்குகள் அமுங்கிக்கொண்டே போய், 2024 மார்ச்சில் ஃபிடே 2000 க்குக் கீழே இருந்த எல்லோரையும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டது. 2000 க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது கூட்டினார்கள். 1200 இல் இருந்தவர் 1520 ஆனார். 1000 ஆக இருந்த மிகக் குறைந்த ரேட்டிங் 1400 ஆனது.

தகப்பன் இன்னொன்றும் சொன்னார். இதற்கு முந்திய போட்டியில் பிள்ளைக்கு 40 புள்ளி விழுந்ததாம். கண்ணூறு என்று அப்பம்மா மிளகாய் சுற்றிப் போட்டாராம், கொஞ்ச நாளைக்குப் போட்டி வேண்டாம் என்றும் சொன்னாராம். அப்பம்மாவின் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம பலமுள்ள ஐந்து பேரோடு 1.5 எடுத்தால், எதிர்பார்த்த 2.5 இலிருந்து ஒரு புள்ளி குறைவு, ஒன்றை 40 ஆல் பெருக்கினால் சரியாக 40. வாசலில் நின்று பார்த்தவர் யாரும் இதற்குக் காரணமில்லை. அடுத்த போட்டியில் 52 ஏறியதும் இதே கேயால்தான். தக்கை ஆடத்தான் செய்யும். ஆடுகிறதே என்று பிள்ளையை வீட்டில் வைத்திருந்தால் எண் பழையதாகிப் பொய் சொல்லத் தொடங்கும்.

வன்னிப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு உண்மையான கவலை இங்கேதான். ரேட்டிங் என்பது ஒப்பீடு. கிளிநொச்சிப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டிருந்தால் அவர்களுடைய எண்கள் வாய்க்கால் இல்லாத குளம் மாதிரி தனியே நிற்கும். வெளியே உள்ள 1600 உம் உள்ளே உள்ள 1600 உம் ஒன்றுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ரேட்டிங் பெறுவதற்கே ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆட வேண்டும். ஒரு பிள்ளையை ஏ9 வழியே கொழும்புக்கு அனுப்பும் செலவு, பலருக்குப் பயன்படும் ஒரு போட்டியை இங்கேயே நடத்தும் செலவில் ஒரு பங்குக்கு ஆகும். விளையாட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் வன்னிக்கு மாதம் ஒரு ரேட்டிங் போட்டியும், இங்கேயே பயிற்சி பெற்ற சில நடுவர்களும் வேண்டும். மண்டபமும் மேசையும் பாடசாலைகளில் இருக்கின்றன.

தகப்பனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பிள்ளையின் ஃபிடே பக்கத்தில் கணக்கைத் திறந்தால் ஆட்டம் ஆட்டமாக எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று தெரியும். அடுத்த 1 ஆம் திகதி பாருங்கள். ஐந்து ஆட்டமும் இருக்க வேண்டும், கூட்டினால் 52 வர வேண்டும். போட்டியே அங்கு இல்லையென்றால் தலைமை நடுவருக்கு அன்றைக்கே ஒரு தொலைபேசி எடுங்கள்.