படுக்கை காலியாக இருந்தால் நஷ்டமா?

மருத்துவமனை நிர்வாகியின் மேஜைக்குத் தினமும் வரும் எண்களில் முக்கியமானது, எத்தனை படுக்கைகள் நிரம்பியிருக்கின்றன என்பது. 75 சதவீதம் என்றால் முகம் சுருங்கும். 98 என்றால் மலரும். ஹோட்டல் நடத்துபவருக்கு இந்தக் கணக்கு சரி, மருத்துவமனைக்கு ஒத்துவராது. ஏன் என்று தரவுகளைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் ஓர் எளிய சமன்பாடு. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்பதால் பெருக்கினால் விடை வந்துவிடும். லிட்டில் விதி என்று இதற்குப் பெயர். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் இதைக் கணித முறைப்படி நிறுவினார். இதில் நிறுவ என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆட்கள் ஒரே சீராக வந்தாலும் தாறுமாறாக வந்தாலும், கடைசியில் வந்தவர் முதலில் கிளம்பினாலும்கூட இந்த விதி பொருந்தும். தினமும் 40 பேர் அட்மிட் ஆகி, சராசரியாக 5 நாள் தங்கினால் 200 படுக்கைகள் நிரம்பியிருக்கும். தங்கும் காலம் நாலரை நாளானால் 180. செங்கல் ஒன்றுகூட வைக்காமல் 20 படுக்கைகள் கிடைத்துவிடும்.

சரி, அந்த அரை நாளை எங்கே தேடுவது? சிகிச்சையில் கைவைக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக் கணினியில் ஏறக்குறைய எல்லாமே நேரத்தோடு பதிவாகின்றன: ரத்த மாதிரி லேபுக்குப் போனது, முடிவு வந்தது, ஸ்கேன் எடுத்தது, மருந்து கொடுத்தது, பில் போட்டது. ஒரே நோயாளியின் பதிவுகளைக் கால வரிசையில் அடுக்கினால் இடைவெளிகள் கண்ணில் படும். காலை 9 மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதியிருப்பார். டிஸ்சார்ஜ் சம்மரி தயாராக 12 ஆகியிருக்கும். மருந்துக் கணக்கு முடிந்து, இன்சூரன்ஸ் ஒப்புதலும் வந்து சேர மாலை 4. படுக்கையைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குக் கொடுக்க 6. இந்த ஒன்பது மணி நேரத்தில் சிகிச்சை என்று எதுவும் நடக்கவில்லை. அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்துக்கிடப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவான நேரமும் நடந்த நேரமும் எப்போதும் ஒன்றல்ல. வேலை நெருக்கடியில் இருக்கும் செவிலியர் ஷிப்ட் முடியும்போது எல்லாவற்றையும் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவது சகஜம். மதியம் 2 மணிக்கு வார்டே சுறுசுறுப்பாக இருந்ததாகத் தரவு சொன்னால், அது ஷிப்ட் மாறும் நேரமா என்று முதலில் கேட்க வேண்டும். வார்டுக்குள் ஒரு நாளாவது நின்று பார்க்காத ஆய்வாளர் இங்கேதான் சறுக்குவார்.

அடுத்து, சராசரியின் பிரச்சினை. அவசரப் பிரிவிலிருந்து தினமும் சராசரியாக 25 பேர் அட்மிட் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் தொடர்பில்லை என்றால், சராசரியின் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. இங்கே அது 5. ஆகவே ஒரு நாள் 16 பேர் வரலாம், இன்னொரு நாள் 34 பேர் வரலாம். எந்தக் கொள்ளைநோயும் விபத்தும் தேவையில்லை, தற்செயலே போதும். இந்தக் கணிதம் மருத்துவத்தில் பிறந்ததல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங், அழைப்புகளைச் சமாளிக்க எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று கணக்கிட்டபோது உருவானது. அவருடைய முதல் கட்டுரை 1909-ல் வந்தது.

ஏற்ற இறக்கம் இருக்கும் இடத்தில் வசதிகளை முழுசாக நிரப்பினால் என்ன ஆகும்? ஒரே ஒரு மருத்துவர், ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம். வருகையும் பார்க்கும் நேரமும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறுகின்றன. அவர் தன் நேரத்தில் 80 சதவீதம் நோயாளிகளோடு இருந்தால், வரிசையில் நிற்பவர் சராசரியாக 40 நிமிடம் காத்திருப்பார். 90 சதவீதம் என்றால் ஒன்றரை மணி நேரம். 95-ஐத் தொட்டால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். வேலை கொஞ்சம்தான் கூடுகிறது, காத்திருப்போ எகிறுகிறது. நிறைய படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் எண்கள் மாறும், வளைவின் வடிவம் மாறாது. 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு, படுக்கைகள் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் ஆபத்து தலைகாட்டத் தொடங்கும் என்றும், 90-ஐத் தாண்டினால் தட்டுப்பாடு வழக்கமாகிவிடும் என்றும் காட்டியது. காலியாகக் கிடக்கும் அந்த 15 சதவீதம்தான் நாளைய அவசரத்துக்கான இடம்.

அதற்காக 85-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தப்பு. தினமும் 100 பேர் வரும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10, அதாவது சராசரியில் பத்தில் ஒரு பங்கு. 25 பேர் வரும் இடத்திலோ ஐந்தில் ஒரு பங்கு. பெரிய மருத்துவமனை தைரியமாக இன்னும் கொஞ்சம் நிரப்பலாம், எட்டே படுக்கைகள் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு 85-லேயே திணறிப்போகும். துறைக்குத் துறை தனித்தனி வார்டு என்று வேலி போட்டுக்கொள்வதில் இப்படி ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது.

நெரிசலுக்கு அவசர நோயாளிகள்தான் காரணம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பாஸ்டனில் இதை ஆராய்ந்த யூஜின் லிட்வாக், தேதி குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகளின் வருகையே பல சமயம் அவசர வருகையைவிட அதிகம் ஏறி இறங்குகிறது என்று காட்டினார். யோசித்தால் புரியும். அறுவை அரங்கு யாருக்கு எந்தக் கிழமை என்பது அறுவை மருத்துவர்களின் வசதிப்படி அமைகிறது. வாரத்தின் முதல் பாதியில் எல்லாரும் குவிந்தால் வார இறுதியில் வார்டு காற்றாடும். மனிதர் போட்ட அட்டவணை என்பதால் மாற்ற முடியும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை அட்டவணையைச் சமன்படுத்தி, அவசர அறுவைகளுக்குத் தனி அரங்கு ஒதுக்கிப் பலன் கண்டது. கணக்கு எளிது. மூத்த அறுவை மருத்துவரிடம் திங்கட்கிழமையை விட்டுக்கொடுக்கச் சொல்வதுதான் கடினம்.

அப்புறம் பணம். தங்கும் காலத்தை ஒரு நாள் குறைத்தோம், ஒரு நாள் செலவு இவ்வளவு, ஆகவே இத்தனை கோடி மிச்சம் என்று போடும் கணக்குகளைக் கண்டால் சந்தேகப்படுவது நல்லது. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையின் 1993-ம் ஆண்டுச் செலவுகளைப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு, அதில் 84 சதவீதம் நிலையான செலவு என்று கண்டது. சம்பளம், கட்டடம், கருவிகள் எல்லாம் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகும் செலவுகள். மீதி 16 சதவீதம்தான் மருந்து, ஊசி, பஞ்சு என்று ஆளுக்கு ஏற்ப மாறுவது. போதாததற்கு, பரிசோதனைகளும் அறுவையும் முதல் சில நாள்களிலேயே முடிந்துவிடுவதால் கடைசி நாள்தான் இருப்பதிலேயே மலிவானது. அந்த நாளைக் குறைத்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். காலியான படுக்கைக்கு அடுத்த நோயாளி வந்தாலோ, ஒரு வார்டையே மூடி ஆட்களை வேறிடத்துக்கு மாற்றினாலோ மட்டுமே அது உண்மையான பணமாகும்.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் முக்கியம். நாள் கணக்கில் கட்டணம் வாங்கும் மருத்துவமனைக்கு, நோயாளி சீக்கிரம் போவது வருமான இழப்பு. முதியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 1983-ல், நோய் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையை நிர்ணயிக்கத் தொடங்கியதும் தங்கும் காலம் மளமளவென்று இறங்கியது. அவசரப்பட்டு அனுப்பினால் நோயாளி திரும்பி வருவாரே? மறு அனுமதி அதிகமுள்ள மருத்துவமனைகளுக்கு அபராதம் போடும் முறை அங்கே 2012-ல் வந்தது.

யார் திரும்பி வருவார், யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணிக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய. இவற்றில் பெரிய பொறி, எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. 2019-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கிய ஒரு மென்பொருளைப் பிரித்துப் பார்த்தது. நோயின் தீவிரத்துக்குப் பதிலாக எதிர்காலச் சிகிச்சைச் செலவைக் கணிக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். செலவுப் புள்ளிவிவரம் கைவசம் சுத்தமாக இருக்கும், அதனால் அதை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் மருத்துவ வசதி குறைவாகக் கிடைத்த கறுப்பின மக்களுக்கு, அதே அளவு நோய் இருந்தும் செலவு குறைவாகவே பதிவாகியிருந்தது. செலவு குறைவு, ஆகவே ஆரோக்கியமானவர் என்று மென்பொருள் முடிவு கட்டியது. இந்தக் கோணலை நிமிர்த்தினால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.