தனியுரிமைக் கொள்கை: செயலி செய்வதைப் பார்த்து எழுதும் முறை

வேளச்சேரியில் ஒரு மெஸ், ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு மாதக் கணக்கில் மதியச் சாப்பாடு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டிருந்த ஆர்டர் இனி ஒரு செயலி வழியே வரப்போகிறது. செயலி தயார். பிளே ஸ்டோரில் ஏற்றப் போனால் தனியுரிமைக் கொள்கையின் இணைப்பைக் கேட்கிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானோர் இணையத்தில் ஒரு மாதிரியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். அதில் கலிஃபோர்னியாவாசிகளுக்கான உரிமைகள் ஒரு பக்கத்துக்கு இருக்கும். வழக்கு வந்தால் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றம் என்று இருக்கும். "உங்கள் கார்டு எண்ணைப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்கிறோம்" என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்தக் கடைசி வரி உண்மையானால் மெஸ் சிக்கலில் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடைக்காரர் கணக்குப் பார்க்கக் கடைசி 4 இலக்கத்தையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த வரி பொய்யானால், செய்யாத ஒன்றைச் செய்வதாக வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுத்ததாகிறது. இரண்டில் எது நடந்தாலும் காரணம் ஒன்றுதான்: கொள்கையை எழுதியவர் செயலியைப் பார்க்கவில்லை.

தனியுரிமைக் கொள்கையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் செயலியின் கோடிலோ (நிரலிலோ) சர்வரிலோ அன்றாட வேலையிலோ காட்டக்கூடிய ஒன்று இருக்க வேண்டும். அதனால் எழுத உட்காரும் முன் ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து ஆறு நெடுவரிசை போடுங்கள்: என்ன தரவு, எந்த இடத்தில் வாங்குகிறோம், எதற்கு, யார் யாரிடம் போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிகிறது. இந்தத் தாள் சரியாக இருந்தால் கொள்கை ஒரே நாளில் எழுதி முடிக்கிற வேலை.

பெயர், மொபைல் எண், முகவரி, பணம் கட்டிய விவரம் எல்லாம் உடனே தாளில் ஏறிவிடும். கவனிக்க வேண்டியவை அடுத்து வருபவை.

ஆர்டர் பக்கத்தில் "குறிப்பு" என்று ஒரு காலிப் பெட்டி இருக்கிறது. அதில் ஒருவர் "சுகர் இருக்கு, சாதம் குறைச்சு வையுங்க" என்று எழுதுவார். அந்த நொடியே மெஸ்ஸின் டேட்டாபேஸில் ஒருவரின் உடல்நலத் தகவல் சேர்ந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள் உடல்நலத் தகவலைக் கடவுச்சொல், வங்கி விவரம் ஆகியவற்றோடு சேர்த்து, கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் (சென்சிட்டிவ்) தரவாக வைத்திருக்கின்றன. அதை வாங்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இதற்குக் கொள்கையில் ஒரு பத்தி கூட்டுவதைவிட நல்ல வழி, "சாதம் குறைவாக", "சர்க்கரை வேண்டாம்" என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான்களை வைத்துவிட்டுக் காலிப் பெட்டியை எடுத்துவிடுவது. சமையல்காரருக்குத் தேவை அளவு மட்டுமே, காரணம் தேவையில்லை. தாளை நேர்மையாக நிரப்பினால் இப்படிச் செயலியே மாறும். இந்த வேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடுத்து சர்வர் லாக். எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர், யாரும் சொல்லாமலேயே வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. ஐபி முகவரி, தேதி, நேரம், கேட்ட முகவரி முழுவதும், பதிலின் எண், அனுப்பிய பைட் அளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர் அல்லது போன் என எல்லாம் அதில் இருக்கும். "கேட்ட முகவரி முழுவதும்" என்பதில்தான் ஆபத்து. லாகின் படிவத்தை கெட் முறையில் அனுப்பினால், கேள்விக்குறிக்குப் பிறகு மொபைல் எண் அப்படியே முகவரியில் ஒட்டிக்கொண்டு போகும். டேட்டாபேஸை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தாலும் லாக் கோப்பில் ஆயிரம் மொபைல் எண்கள் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அதே பக்கத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் இருந்தால் அந்த முகவரி அங்கேயும் போய்ச் சேரும். போஸ்ட் முறைக்கு மாற்றி, எண்ணைக் கோரிக்கையின் உடலுக்குள் அனுப்பினால் இது தீரும்.

அந்த லாக் எத்தனை நாள் இருக்கும்? உபுண்டுவில் எஞ்சின்எக்ஸுடன் வரும் அமைப்பு, நாளுக்கு ஒரு கோப்பு என 14 வைத்துக்கொண்டு பழையதை அழிக்கிறது. ஆனால் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. புதிய தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வரும்போது அது ஓராண்டாகும். ஆக, இணையத்தில் எடுத்த மாதிரிக் கொள்கையில் "நாங்கள் லாக் வைப்பதில்லை" என்று ஒரு வரி இருந்தால், கொள்கை ஒன்று சொல்கிறது, சர்வரில் 14 நாள் இருக்கிறது, சட்டம் 180 நாள் கேட்கிறது. மூன்றும் ஒத்துப்போகும் வரை அந்த வரியை வெளியிடக் கூடாது.

நாம் எழுதாத கோடு

மெஸ் செயலியில் நாம் எழுதிய கோடு பாதிகூட இருக்காது. ஓடிபி அனுப்ப ஒரு எஸ்டிகே (வேறு நிறுவனம் எழுதித் தரும் ஆயத்தக் கோடுத் தொகுப்பு), வரைபடத்துக்கு ஒன்று, பணம் வாங்க ஒன்று, செயலி நின்றுபோனால் அறிக்கை அனுப்ப ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் அனுமதிகளைத் தானே கொண்டுவந்து நம் செயலியில் சேர்க்கிறது. கூகுளின் விளம்பர எஸ்டிகேயைச் சேர்த்தால் விளம்பர அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதி நாம் ஒரு வரி எழுதாமலே வந்துவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், செயலியின் அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து, கீழே இருக்கும் மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட் என்ற டேபைத் தட்டினால் எந்த அனுமதி எந்த நூலகத்திலிருந்து வந்தது என்பது தெரியும். இதைப் பார்க்காமல் செயலி என்ன தரவைச் சேகரிக்கிறது என்று கேட்கும் பிளே ஸ்டோரின் டேட்டா சேஃப்டி படிவத்தை நிரப்பினால் தவறு நிச்சயம், ஏனென்றால் எஸ்டிகே போனிலிருந்து வெளியே அனுப்புவதும் நீங்கள் சேகரித்ததாகவே அங்கு கணக்கு.

இணையதளத்துக்கு இதைவிட எளிது. குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். உங்கள் டொமைனைத் தவிர வேறு எந்தப் பெயர்கள் வருகின்றனவோ அத்தனை இடங்களுக்கும் வாசகரின் ஐபி முகவரி போகிறது. எழுத்துருகூட இதில் சேரும். கூகுள் எழுத்துருக்களை கூகுள் சர்வரிலிருந்து நேரடியாக ஏற்றியதற்காக ஒரு தளம் 100 யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டும் என 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் வாடிக்கையாளர் இல்லாத மெஸ்ஸை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் எழுத்துருக் கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைப்பது பத்து நிமிட வேலை; தாளில் ஒரு வரி குறையும்.

இருப்பிடம் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், காரணம் அங்கே அளவு முக்கியம். போன் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வைத்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம்: எந்த வீடு என்றே சொல்லிவிடலாம். இரண்டு இலக்கம் வைத்தால் சுமார் 1.1 கிலோமீட்டர். 12.98, 80.22 என்றால் வேளச்சேரிப் பக்கம் என்று தெரியும், விஜயநகரில் எந்தத் தெரு என்று தெரியாது. "உங்கள் பகுதிக்குச் சாப்பாடு அனுப்புகிறோமா" என்று பார்க்க இரண்டு இலக்கம் போதும். வாசல் வரை வர எப்படியும் வாடிக்கையாளர் முகவரியைத் தட்டித் தருகிறார். பிறகு எதற்குத் துல்லிய இருப்பிடம்? ஆண்ட்ராய்டு 12 முதல் பயனர் தோராய இருப்பிடத்தை மட்டும் தர முடியும். அப்படித் தந்தால் செயலி அடம்பிடிக்காமல் வேலை செய்ய வேண்டும். டெலிவரி பார்ட்னரின் செயலி வேறு கதை, அங்கே நகரும் புள்ளி தேவைப்படலாம். அவரும் ஒரு தனிநபர்தான், அவருடைய தரவுக்கும் தாளில் இடம் வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியையும் பதிவு செய்யும் செயலிகள் உண்டு. அது தவறு.

கணினிக்கு வெளியே போகும் வழிகளையும் எழுதுங்கள். காலை 11 மணிக்கு அன்றைய ஆர்டர்களின் பெயர், எண், முகவரி எல்லாம் டெலிவரி வாட்ஸ்அப் குழுவில் ஸ்க்ரீன்ஷாட்டாக விழுகிறதா? வேலையை விட்டுப் போனவர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாரா? அப்படியிருந்தால் "உங்கள் தகவலை யாரிடமும் பகிர்வதில்லை" என்ற வரி பொய்.

எந்தச் சட்டம், எப்போது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை 2011 விதிகள் உண்டு: கொள்கையைத் தளத்தில் வெளியிட வேண்டும், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

புதிய சட்டத்தில் பலரும் தவறவிடுவது அறிவிப்பு. சம்மதம் கேட்கும் இடத்திலேயே, வேறு எதையும் படிக்காமல் புரியும்படி, எந்தத் தரவு எதற்கு என்று வரிசையாகச் சொல்லும் தனி அறிவிப்பு வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்வதும் எப்படி என்று அதில் இருக்க வேண்டும். பத்துப் பக்கக் கொள்கைக்கு இணைப்பு கொடுத்து "ஏற்கிறேன்" பொத்தான் வைப்பது இதற்கு ஈடாகாது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. சேவைக்குத் தேவையில்லாத தரவுக்கு வாங்கிய சம்மதம் செல்லாது. சாப்பாடு ஆர்டர் செய்ய தொடர்புப் பட்டியலைக் கேட்டு, அவர் "சரி" என்று தட்டினாலும் பலனில்லை.

18 வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தை. மெஸ்ஸுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம்: கல்லூரியில் முதலாண்டு சேரும் பலருக்கு 17 வயது. அவர்கள் தரவை வாங்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. கணக்கைப் பெற்றோர் பெயரிலேயே தொடங்கும்படி வைப்பது சிறிய கடைகளுக்கு நடைமுறையான வழி.

தரவு கசிந்தால் செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். புதிய விதிகளின்படி பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றியும், வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் குறை இருந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

அழிப்பது பற்றிய வரி

"கேட்டவுடன் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம்" என்று எழுதாதீர்கள், முடியாது. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பேக்கப்பிலும் தரவு இருக்கும். உண்மையான வரி இப்படி வரும்:

"கணக்கை நீக்கினால் உங்கள் முகவரி, உணவு விருப்பம், இருப்பிடம் ஆகியவை எங்கள் டேட்டாபேஸிலிருந்து 7 நாளில் அழியும். பேக்கப் பிரதிகளில் மேலும் 30 நாள் இருக்கும், அதன்பின் அவையும் அழியும். பில்களை ஜிஎஸ்டி சட்டம் சொல்லும் காலம் வரை வைத்திருப்போம். அவற்றை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். சர்வர் லாக்குகள் அவற்றுக்குரிய காலம் முடிந்ததும் அழியும்."

7, 30 என்ற எண்கள் உங்கள் பேக்கப் அமைப்பிலிருந்து வர வேண்டும். பேக்கப் 90 நாள் சுழற்சியில் இருந்தால் 90 என்று எழுதுங்கள். கணக்கு தொடங்கும் வசதியுள்ள செயலிக்கு, செயலிக்குள் நீக்கும் வழியோடு, செயலியை எடுத்துவிட்டவர்களுக்காக இணையத்திலும் ஒரு நீக்கும் இணைப்பைக் கூகுள் கேட்கிறது. ஆப்பிளும் 2022 ஜூன் 30 முதல் செயலிக்குள்ளேயே நீக்கும் வழி வேண்டும் என்கிறது.

மற்ற வரிகளும் இதே மாதிரிதான்: "உங்கள் மொபைல் எண்ணை ஓடிபி அனுப்பவும், சாப்பாடு கொண்டுவருபவர் உங்களை அழைக்கவும் பயன்படுத்துகிறோம். ஓடிபி அனுப்பும் நிறுவனமும் அன்று உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருபவரும் அதைப் பார்ப்பார்கள்." பிறகு அந்த நிறுவனத்தின் பெயர். "சேவையை மேம்படுத்த" என்று காரணம் எழுதத் தோன்றினால் தாளுக்குத் திரும்பிப் போய், எந்தத் திரையில் என்ன மாறும் என்று பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தத் தரவை வாங்குவதை நிறுத்திவிடலாம்.

எழுதியதைப் பிடிஎஃபாக ஏற்றினால் பிளே ஸ்டோர் ஏற்காது. லாகின் இல்லாமல், எந்த நாட்டிலிருந்தும் திறக்கும் சாதாரண வெப் பக்கமாக அது இருக்க வேண்டும். பக்கத்தின் மேலே நடைமுறைக்கு வந்த தேதியும், கீழே பழைய பதிப்புகளுக்கான இணைப்பும் வையுங்கள். புதிய எஸ்டிகே ஒன்றைச் சேர்க்கும் நாளில், டெவலப்பர் அதே கமிட்டில் (கோடு மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) எக்ஸெல் தாளின் வரியையும் மாற்ற வேண்டும். தாள் மாறாமல் வரும் கோடு மாற்றத்தை ரிவ்யூவில் திருப்பி அனுப்புங்கள்.