‘பணக் காரணி’யாம்!

அமெரிக்காவில் சொகுசு மின்சாரக் காரை லீஸுக்கு எடுப்பது எப்படி என்று தமிழில் யார் விளக்கினாலும், பாதி வழியில் ‘பணக் காரணி’ வந்து நிற்கிறது. மணி ஃபேக்டர் என்பதன் தமிழாம். மணி என்றால் பணம், ஃபேக்டர் என்றால் காரணி, ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது.

ஃபேக்டர், ‘செய்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதலில் செய்பவன், பிறகு வணிக முகவர், கணக்கில் பெருக்கப்படும் எண். லீஸுக்குக் குத்தகை இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

இந்த மணி ஃபேக்டர் செய்யும் வேலை என்ன? 80,000 டாலர் கார், 36 மாத லீஸ், முடிவில் அதன் மதிப்பு 44,000 என்று நிதி நிறுவனம் வைத்துவிட்டது என்று கொள்வோம். தேயும் 36,000 டாலரை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000. இது தேய்மானப் பங்கு. அப்புறம் 80,000-ஐயும் 44,000-ஐயும் கூட்டி 0.0025-ஆல் பெருக்குவார்கள். வருவது 310 டாலர். இது வட்டி. அந்த 0.0025-தான் மணி ஃபேக்டர். 2,400-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று தெரிந்துவிடும். 2,400 எங்கிருந்து வந்தது? சராசரி எடுக்க 2, மாதத்துக்கு 12, சதவீதத்துக்கு 100. அவ்வளவுதான்.

இதில் ‘காரணி’ எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நாம் படித்த காரணி, ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுப்பது. 12-க்கு 3 காரணி, 4 காரணி. 0.0025 எதையும் வகுக்க வரவில்லை, பெருக்க வந்திருக்கிறது. சரி, பேச்சு வழக்கில் பார்த்தால் காரணி என்பது ஒன்று நடக்கக் காரணமாக இருப்பது. அப்படியானால் பணக் காரணி என்பது பணம் வரக் காரணமா, போகக் காரணமா? காரணம் வடசொல் என்பதால் நான் எதிர்க்கவில்லை. தெளிவு இருந்தால் எந்த ஊர்ச் சொல்லும் இருக்கட்டும்.

‘மூலத்தில் பணம் என்றுதானே இருக்கிறது’ என்பார்கள். மூலமே முகமூடி போட்ட சொல். வட்டி என்று சொன்னால் வாங்குபவர் உஷாராகிவிடுவார். மணி ஃபேக்டர் என்றால் தலையாட்டுவார். நண்பர் ஒருவரிடம் விற்பனையாளர் “டூ பாயிண்ட் ஃபைவ்” என்றார். இரண்டரை சதவீதம்தானே என்று இவர் மகிழ்ந்து பேனாவை எடுத்துவிட்டார். தாளில் இருந்தது 0.0025. அதைத்தான் ஆயிரத்தால் பெருக்கி இரண்டரை என்று சொல்லியிருக்கிறார். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 6 சதவீதம். நிதி நிறுவனம் தரும் அடிப்படை எண்ணின்மேல் விற்பனையாளர் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது அங்கே சகஜம். முடிவு மதிப்பில் பேரம் பொதுவாக நடக்காது. கார் விலையிலும் இந்த எண்ணிலும் நடக்கும். இதே காரில் அது 0.00125 ஆனால் மாதம் 155 டாலர் குறைகிறது, 36 மாதத்தில் 5,580. பேரம் பேச வேண்டிய இடத்தைத் தமிழிலும் மூடிவைத்தால், மொழிபெயர்ப்பாளர் யாருக்கு வேலை செய்கிறார்?

அதனால் ‘வட்டிப் பெருக்கி’ என்பேன். ‘வட்டி விகிதம்’ போதுமே என்பவர்களுக்கு: விகிதம் என்றதும் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் மனம் போகும். நண்பர் விழுந்த அதே குழி. பெருக்கி என்றால் வீடு பெருக்குவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சிரித்தார். வரட்டுமே, கவனிக்காவிட்டால் பர்ஸையும் அது சுத்தமாகப் பெருக்கிவிடும்.

இதே ஆட்கள்தான் அந்த 44,000 டாலருக்கு ‘எச்ச மதிப்பு’ என்று எழுதுகிறார்கள். பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்கு எச்சம் என்றால் மிச்சம் என்று தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு காரைப் பற்றியது. காரையும் எச்சத்தையும் ஒரே வரியில் வைத்தால் வாசகர் முதலில் பார்ப்பது கண்ணாடிமேல் காக்கை போட்டுவிட்டுப் போனதைத்தான். ‘முடிவு மதிப்பு’ என்று எழுதினால் என்ன?