லினக்ஸில் சில வீடியோ ஏன் ஓடுவதில்லை?

வியாசர்பாடியில் சாயங்காலம் நடக்கும் ஃபுட்பால் மேட்ச்சை போனில் எடுத்து, லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் திறந்தால், பல நேரம் படம் வராது, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) டிகோடர், அதாவது அதைப் பிரித்துக் காட்டும் நிரல், இல்லை என்று ஒரு பெட்டி மட்டும் எட்டிப் பார்க்கும். உடனே லினக்ஸ்னாலே இப்படித்தான் என்று விண்டோஸுக்கு ஓடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் அந்த வீடியோவைப் பிரிக்கும் கோட் எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மென்பொருளில் இலவசமாகவே கிடக்கிறது. லினக்ஸை வெளியிடுகிறவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கத்தான் பயம்.

காரணம் பேடன்ட், அதாவது காப்புரிமை. காப்பிரைட் எழுதின கோடை மட்டும் காக்கும், பேடன்ட் வழிமுறையையே பிடித்துக்கொள்ளும். பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் போடுகிறவர் செய்முறையை எழுதிவைத்த நோட்டை நகலெடுக்கக் கூடாது என்பது காப்பிரைட். அந்த விதமாகப் பிசைவதற்கே பேடன்ட் இருந்தால், நோட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தானே கண்டுபிடித்த பக்கத்துக் கடைக்காரரும் காசு கட்டியாக வேண்டும்.

கிராஃபிக்ஸில் இதற்கு எஸ்3டிசி நல்ல உதாரணம். கேமில் சுவர், தரை, சட்டை எல்லாவற்றின் மேலும் ஒட்டும் படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர், அவற்றைச் சுருக்கும் முறை இது. படத்தை 4×4 கட்டமாக வெட்டினால் ஒரு கட்டத்தில் 16 புள்ளி, புள்ளிக்கு 3 பைட் வீதம் 48 பைட் ஆகிறது. எஸ்3டிசி கட்டத்துக்கு இரண்டே நிறங்களை, தலா 2 பைட்டில் எழுதிவைக்கும். நடுவில் வரும் இன்னும் இரண்டு நிறங்களை கிராஃபிக்ஸ் கார்டே கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்த நாலில் எது என்று சொல்ல ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பிட் போதும், 16 புள்ளிக்கு 4 பைட். ஆக மொத்தம் 8 பைட், ஆறில் ஒரு பங்கு. அவ்வளவுதான் சமாச்சாரம்! இதைப் பிரிக்கும் சர்க்யூட் கார்டுக்குள் இருந்தும், ஓப்பன் சோர்ஸ் டிரைவரான மெசாவில் இதை முழுசாகச் சேர்க்க முடியவில்லை. வேண்டுமென்றால் தனியாக ஒரு லைப்ரரியைத் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். 2017 அக்டோபர் 2 அன்று பேடன்ட் காலாவதியானது, அப்புறம்தான் அது மெசாவுக்குள் வந்தது.

சரி, லைசன்ஸ் வாங்கிவிடலாமே? பேடன்ட் வைத்திருப்பவர்கள் பிரதிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள், யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கும் மென்பொருளில் பிரதியை யார் எண்ணுவது? அதற்கும் மேல், பல திறந்த மென்பொருள்கள் வெளிவரும் ஜிபிஎல் என்ற லைசன்ஸின் இரண்டாம் பதிப்பின் 7-ஆம் பிரிவு, வாங்குகிற எல்லோரும் ராயல்டி இல்லாமல் திரும்பக் கொடுக்க முடியாதென்றால் நீயும் கொடுக்காதே என்கிறது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 2013-ல் ஒரு குறுக்கு வழி அறிவித்தது: எச்.265-க்கு முந்தைய முறையான எச்.264-க்கான கோடைத் திறந்துவிட்டு, ராயல்டியைத் தானே கட்டியது. ஆனால் சிஸ்கோ கம்பைல் செய்து (கோடை ஓடும் நிரலாக மாற்றி) தன் சர்வரிலிருந்து தரும் கோப்புக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு, அதே கோடை நீங்கள் கம்பைல் செய்தால் உங்கள் பாடு. திறந்த கோடுக்கு இதைவிட விசித்திரமான நிபந்தனை கிடையாது என்பேன்.

2022 செப்டம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை தன் மெசாவில் எச்.264, எச்.265-க்கான ஹார்டுவேர் வசதியை அணைத்துவிட்டது. ஏஎம்டி கிராஃபிக்ஸ் சிப் வீடியோவைப் பிரிக்கும் அந்த வேலையைச் செய்யத் தயாராக இருக்கிறது, கேட்பதற்குத்தான் டிரைவரில் ஆள் இல்லை, அதனால் மொத்த வேலையும் சிபியூ தலையில் விழுந்து ஃபேன் கத்துகிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(கே) வெறும் கணினி நிரலையும் அல்காரிதத்தையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. இருந்தும் ஃபெடோராவுக்குப் பின்னால் நிற்கும் ரெட் ஹாட் அமெரிக்க நிறுவனம், அவர்கள் அங்கே அணைத்தது கொருக்குப்பேட்டையில் டவுன்லோடு செய்தாலும் அணைந்தேதான் வரும். ஃபெடோராக்காரர்கள் பெரும்பாலும் செய்வது, ஃபெடோரா தராத மென்பொருளைத் தரும் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தை (ரெப்போ) சேர்த்து, மெசாவின் வீடியோ டிரைவருக்குப் பதிலாக ‘ஃப்ரீவேர்ல்ட்’ என்று முடியும் பேக்கேஜைப் போட்டுக்கொள்வது.