“21 நாட்களில் கரையும்”: எங்கே, எந்த நீரில்?

ஆய்விதழ் ஒன்றின் மதிப்பீட்டுக்காக அண்மையில் என்னிடம் வந்த கட்டுரை, ஆறாத புண்ணுக்கான ஹைட்ரோஜெல் (நீரைத் தன்னுள் தேக்கிவைக்கும் பாலிமர் வலை) ஒன்று 21 நாட்களில் முழுமையாகச் சிதைந்துவிடும் என்று சுருக்கவுரையிலேயே உறுதி கூறியது (கட்டுரை அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன்). அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, ஜெல்லை 37 பாகை செல்சியஸில் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமில-காரத்தன்மை மாறாதிருக்கும் உப்புநீரில்) ஊறவைத்து, அவ்வப்போது எடுத்து உலர்த்தி எடை பார்த்த ஒரேயொரு வரைபடம்தான் கிடைத்தது. நொதி சேர்க்கப்படவில்லை, புண்ணின் கசிவுநீர் பயன்படுத்தப்படவில்லை, விறைப்பை யாரும் அளக்கவில்லை. இதே குறையுடன் வரும் கட்டுரைகளுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துவிட்டதால், இம்முறை அதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

சிதைவுக் காலம் என்பது அடர்த்தியைப் போல ஒரு பொருளுக்குச் சொந்தமான எண் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் ஜெல்லுக்கும் அது வைக்கப்படும் இடத்துக்கும் இடையே உருவாவது. தோலில் இயல்பாக உள்ள, நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலியான ஹையலூரோனிக் அமிலத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு நாள்தான். அதையே குறுக்கிணைத்து (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து) முகத்தில் நிரப்பியாகச் செலுத்தினால் பல மாதங்கள் தங்குகிறது. அந்த நிரப்பியின் மேல் மருத்துவர் அதை வெட்டும் ஹையலூரோனிடேஸ் நொதியைச் செலுத்தினால் மிக விரைவில் கரைந்துபோகிறது. ஆறாத புண்ணில் திசுப் புரதங்களை வெட்டும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் நொதிகள் மிகுந்திருக்கும், காரத்தன்மையும் பெரும்பாலும் கூடியிருக்கும். அந்நொதிகள் வெட்டும்படி பெப்டைடுகளால் (சிறு புரதத் துண்டுகளால்) கட்டப்பட்ட ஜெல் வெறும் தாங்கல் கரைசலில் அசையாமல் கிடக்கும், புண்ணிலோ எதிர்பார்த்ததற்கு முன்பே போய்விடும். நீரால் அறுபடக்கூடிய எஸ்டர் பிணைப்புள்ள ஜெல்லுக்கும் அந்தக் காரத்தன்மை சிதைவை விரைவுபடுத்தவே செய்யும்.

எடையிழப்பு வரைபடத்தின் மேல் எனக்குள்ள கோபம் இதைவிடப் பெரியது. ஹைட்ரோஜெல்லின் உள்ளும் புறமும் நீர் நிறைந்திருப்பதால், நீராற்பகுப்பு (நீர் பிணைப்புகளை அறுப்பது) மேற்பரப்பிலிருந்து படிப்படியாக உள்ளே செல்வதில்லை, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒவ்வொரு பாலிமர்ச் சங்கிலியையும் பல பிணைப்புகள் பிடித்திருப்பதால், அவற்றுள் சில அறுந்தாலும் சங்கிலி ஜெல்லை விட்டு வெளியேறாது. கயிற்றுக் கட்டிலில் முடிச்சுகள் அவிழ்ந்தாலும் கயிறு கட்டிலிலேயேதான் கிடக்கும். எடை போட்டால் குறைவு தெரியாது, படுத்தால்தான் தெரியும். விறைப்பு நாளுக்கு நாள் சரிகிறது, வலைக்கண் அகல்கிறது, உள்ளே அடைத்த மருந்து எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கசிகிறது, ஜெல் நீரை மேலும் உறிஞ்சி உப்புகிறது. இத்தனையும் நடக்கும்போது உலர் எடைக் கோடு ஏறக்குறையச் சமமாகவே செல்லும், பிறகு ஒரு கட்டத்தில் ஜெல் முழுவதும் ஒருசேரக் குலைந்து கரைந்துவிடும். வரைபடத்தில் “நிலையானது” என்று எழுதப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அந்த ஜெல் தன் வேலையை ஏற்கெனவே நிறுத்தியிருக்கும்.

உப்புதலை அளக்காமல் விடுவது வெறும் ஏட்டுக் குறையும் அன்று. மூளையுறையை மூடப் பயன்படும் பாலிஎதிலீன் கிளைக்கால் ஹைட்ரோஜெல் ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பே, அது 50 விழுக்காடு வரை உப்பக்கூடும் என்பதால் நரம்புகள் செல்லும் குறுகிய எலும்பிடைவெளிகளில் வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

கரைந்தது உடலை விட்டு வெளியேறிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி பாலூட்டிகளிடம் இல்லை. அதன் சங்கிலிகளைப் பிணைத்திருக்கும் கால்சியம் அயனிகள் வெளியேறியதும் ஜெல் தளர்ந்து மறையும், நீண்ட சங்கிலிகள் சிறுநீரகத்தால் வடிகட்ட இயலாத அளவில் திசுவிலேயே இருக்கும். ஒளிபட்டால் ஒன்றோடொன்று பிணையும் மெத்தக்ரைலேட் தொகுதிகளை ஏற்றிய ஜெலாட்டினில் ஜெலாட்டின் பகுதியை நொதி வெட்டிவிடும், ஒளியூட்டியபோது உருவான கார்பன் முதுகெலும்புச் சங்கிலியை வெட்ட உடலில் எதுவுமில்லை. அதன் நீளத்தைக் கட்டுப்படுத்துவதும் வடிவமைப்பாளரின் பொறுப்பே.

சரியான வழி தேவையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. புரோஸ்டேட் கதிர்வீச்சுச் சிகிச்சையில் மலக்குடலைச் சற்றுத் தள்ளி நிறுத்த, 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு ஹைட்ரோஜெல், சிகிச்சை வாரங்களைக் கடக்கும் வகையில் ஏறத்தாழ மூன்று மாதம் தன் வடிவைக் காத்து, ஆறு மாதமளவில் உட்கிரகிக்கப்படும்படி அமைக்கப்பட்டது. முதலில் மருத்துவத் தேவை, அதன் பிறகே வேதியியல்.

ஆகவே இளம் ஆய்வாளர்களே, விறைப்பு, உப்புதல், எடை மூன்றையும் ஒரே சோதனை மாதிரியில், ஒரே நாட்களில் அளவிடுங்கள். கிருமிநீக்கம் செய்த பிறகே அளவிடுங்கள்; காமா கதிர் சங்கிலியை அறுக்கவும் புதிதாகப் பிணைக்கவும் செய்யும், நீராவிக் கிருமிநீக்கம் எஸ்டரை முன்கூட்டியே உடைக்கும், இதைச் சொல்லித்தர வேண்டியிருப்பதே எனக்கு வியப்பு. கொலாஜன் புரதத்தை வெட்டும் பாக்டீரிய நொதியான கொலாஜனேசைத் தாராளமாக ஊற்றிவிட்டு “உடல்நிலைக்கு ஒத்த சோதனை” என்று எழுதாதீர்கள். அது கொலாஜனைப் பல இடங்களில் வெட்டும், மனித நொதியோ கொலாஜனின் மூன்று இழை முறுக்கிய முச்சுருளை ஒரே இடத்தில் வெட்டும். மருத்துவச் சாதனங்களின் பாலிமர்ச் சிதைவைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரநெறி ஐ.எஸ்.ஓ. 10993-13 இல் வரும் உயர்வெப்ப விரைவுச் சோதனையை முதல்கட்ட வடிகட்டலாக மட்டும் கொள்ளுங்கள். சிதைவில் வெளிவரும் துண்டுகளின் மூலக்கூறு எடையைத் தயவுசெய்து அட்டவணையில் தாருங்கள்.

மருத்துவர்களிடம் எனக்குள்ளது வேண்டுகோள் மட்டுமே. விற்பனையாளர் கரையும் காலத்தைச் சொன்னால், அது எந்தத் திசுவில் அளந்தது என்று கேளுங்கள். ஜெல்லின் பெயர், அளவு, வைத்த இடம், நாள் ஆகியவற்றை நோயாளியின் வெளியேற்றக் குறிப்பில் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த ஸ்கேனைப் பார்ப்பவர், இன்னும் கரையாமல் இருக்கும் ஜெல்லைச் சீழ்க்கட்டி என்று கருதி ஊசி செலுத்த நேரிடும்.